ஏடிஎஸ்-பி கருவியை அணைத்துப் பறந்தேன், எஃப்ஏஏ-யிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது: என்ன பதில் எழுதுவது?

கலிபோர்னியாவின் கிழக்கு விரிகுடாப் பகுதியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மென்பொருள் வேலை, கிரீன் கார்டு, பிரைவேட் பைலட் லைசென்ஸ். சென்ற ஆண்டு இன்னொரு தமிழ் நண்பருடன் பாதிப் பாதி போட்டு 1974-ஆம் ஆண்டு செஸ்னா 172 ஒன்றை வாங்கியிருக்கிறார். அதில் ஏடிஎஸ்-பி அவுட் கருவி, அதாவது விமானத்தின் இடத்தையும் உயரத்தையும் வானொலியில் தானாகவே அறிவித்துக்கொண்டிருக்கும் கருவி, வால் விளக்கோடு சேர்ந்த வகை. காக்பிட்டில் அதற்கென்று தனி ஸ்விட்ச் கிடையாது. நேவ் லைட் (விமானத்தின் இறக்கை, வால் முனைகளிலுள்ள அடையாள விளக்குகள்) ஸ்விட்சைப் போட்டால்தான் கருவிக்கு மின்சாரம் போகும். வாங்கிய புதிதில் இது அவருக்குத் தெரியாது. பகலில் நேவ் லைட் எதற்கு என்று பயிற்சிக் காலத்துப் பழக்கத்தில் அணைத்தே பறந்திருக்கிறார். மெக்கானிக் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்து, தவறாமல் போட ஆரம்பித்திருக்கிறார்.

அப்புறம்தான் சிக்கல். விமான நிலையத்தின் பேட்டர்னுக்கு, அதாவது தரையிறங்கும் விமானங்கள் சுற்றிவரும் பாதைக்கு, கீழே குடியிருக்கும் ஒருவர், விமானங்களைக் காட்டும் இணையதளத்தில் இவருடைய பதிவு எண்ணைப் பிடித்து, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-யின் பதிவேட்டில் பெயரையும் வீட்டு முகவரியையும் எடுத்துவிட்டார். "உங்கள் ஊழியர் வேலை நேரத்தில் பறக்கிறார்" என்று அலுவலகத்துக்கு மின்னஞ்சல். வீட்டைப் படம் எடுத்து அக்கம்பக்கத்துக் குழுவில் பதிவு. மனைவி பயந்துபோயிருக்கிறார். விமான நிலையத்தில் ஒரு மூத்த பைலட், "நேவ் லைட்டை அணைத்துவிடு. டிரான்ஸ்பாண்டர் ஓடுகிறதல்லவா, டவருக்கு நீ தெரிவாய். இணையதளத்தில் தெரியமாட்டாய், அவ்வளவுதான்" என்றிருக்கிறார். நம் வாசகர் அப்படியே சில மாதங்கள் பறந்திருக்கிறார். பெரும்பாலும் மத்தியப் பள்ளத்தாக்குப் பக்கம், ஒரு முறை கடற்கரையோரம் ஹாஃப் மூன் பே வரைக்கும்.

இப்போது எஃப்ஏஏ-யின் உள்ளூர் அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறார். குறிப்பிட்ட தேதிகளில் உங்கள் விமானத்தின் ஏடிஎஸ்-பி வரவில்லை, தொடர்புகொள்ளவும் என்று. தேதிகளில் ஒன்று, கூட்டாளி பறந்த நாள். வாசகரின் கேள்விகள் இவை: "கருவி பழுதாக இருந்தது, சரிசெய்துவிட்டேன்" என்று எழுதி முடித்துவிடலாமா? ஏடிஎஸ்-பி தகவலை வைத்து நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று 2024-இல் சட்டம் வந்ததாமே, அது என்னைக் காக்குமா? இனிமேல், நண்பர் ஒரு காணொளியில் பார்த்த, ஜன்னலில் ஒட்டும் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கி, தேவையான இடத்தில் மட்டும் போட்டுக்கொள்ளலாமா? கிரீன் கார்டுக்கு ஆபத்து உண்டா?

வாசகருக்கு வணக்கம்.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். அந்த மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். கருவி பழுதாகவில்லை, அது உங்களுக்குத் தெரியும். அரசு அதிகாரியிடம் முக்கியமான ஒரு விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்வது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தனிக் குற்றம். அதிகபட்சம் 5 ஆண்டு சிறை வரை போகலாம். நீங்கள் இன்று இருப்பது லைசென்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு நிர்வாக விசாரணையின் வாசலில். அந்த ஒரு வரியை அனுப்பினால் அது கிரிமினல் விவகாரமாகிவிடும். கிரீன் கார்டைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஏடிஎஸ்-பி போடாமல் பறந்ததற்காக எஃப்ஏஏ உங்கள் லைசென்ஸில் கை வைத்தால், அது கிரிமினல் தண்டனை ஆகாது. அதிகாரியிடம் பொய் சொன்னதாகத் தீர்ப்பு வந்தால், குடியேற்றச் சட்டம் உங்களைப் பார்க்கும் விதமே வேறு.

இது பொது ஆலோசனைதான். உங்கள் ஆவணங்களை நான் பார்க்கவில்லை, உங்கள் வழக்கறிஞராகவும் பேசவில்லை. ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்றுதான் கீழேயும் சொல்லப் போகிறேன்.

வட்டத்துக்கு வெளியே அணைக்கலாம் என்ற எண்ணம்

உங்கள் கடிதத்தில் ஒரு நம்பிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தைச் சுற்றி 30 நாட்டிகல் மைல் வட்டத்துக்குள் மட்டும்தான் ஏடிஎஸ்-பி கட்டாயம், ஆல்டமான்ட் காற்றாலைகளைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் விருப்பம்போல் என்று. பல பைலட்டுகள் இப்படி நினைக்கிறார்கள், பாதி சரியும்கூட. 2020 ஜனவரி 2-இல் நடைமுறைக்கு வந்த விதி, அதாவது 91.225, எந்தெந்த வான்வெளியில் கருவி இருந்தே ஆகவேண்டும் என்று பட்டியலிடுகிறது: ஏ, பி, சி வகுப்பு வான்வெளிகள் (மிக உயரத்திலும் பரபரப்பான விமான நிலையங்களைச் சுற்றியும் உள்ளவை), பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய அந்த 30 மைல் வட்டம், பெரும்பாலும் 10,000 அடிக்கு மேல். கருவியே இல்லாத விமானம் இவற்றைத் தவிர்த்துப் பறக்கலாம்.

அதே விதியின் (எஃப்) பிரிவு வேறு கதை சொல்கிறது. கருவி பொருத்தப்பட்ட விமானத்தை இயக்குகிறவர், அதை எல்லா நேரமும் ஒலிபரப்பும் நிலையில் வைத்திருக்க வேண்டும். எங்கே என்ற கேள்வியே அங்கு இல்லை. விதிவிலக்கு இரண்டுதான். ஒன்று, தேசப் பாதுகாப்பு, சட்ட அமலாக்கம் போன்ற முக்கியமான அரசுப் பணிக்கு எஃப்ஏஏ அனுமதித்தது. மற்றொன்று, உங்கள் ஒலிபரப்பு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியின் பாதுகாப்புக்கு இடைஞ்சலாகும்போது, கட்டுப்பாட்டாளரே நிறுத்தச் சொல்வது. "பக்கத்து வீட்டுக்காரர் தொல்லை" இரண்டிலும் வராது. ஆகவே பள்ளத்தாக்கில் அணைத்துப் பறந்ததும் மீறல்தான். ஹாஃப் மூன் பே போனது வட்டத்துக்குள், அதனால் அது இரட்டை மீறல்.

உண்மையிலேயே கருவி பழுதானால் அதற்கும் வழி இருக்கிறது. பழுதான கருவியோடு பறக்க கட்டுப்பாட்டாளரிடம் எந்த நேரமும் அனுமதி கேட்கலாம். கிளம்பும் முன் இணையத்தில் விண்ணப்பிக்க எஃப்ஏஏ-யே ஒரு வசதி வைத்திருக்கிறது. அதனால் "பழுது" என்று எழுதினால் இன்ஸ்பெக்டர் கேட்கப்போகும் அடுத்த கேள்விகள் உங்களுக்கே தெரியும்: அனுமதி கேட்டீர்களா? பழுது நீக்கியது லாக்புக்கில் எங்கே?

"டவருக்குத் தெரிவாய்" என்ற வாக்கு

அந்த மூத்த பைலட் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இந்த அறிவுரைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரான்ஸ்பாண்டர் என்பது ரேடியோ கேள்விக்குப் பதில் அனுப்பும் கருவி, யாராவது கேட்டால்தான் அது பதில் சொல்லும். தரையிலுள்ள ரேடார் கேட்கும், பெரிய விமானங்களின் மோதல் தடுப்புக் கருவி கேட்கும். அவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள், உண்மை. ஏடிஎஸ்-பி யாரும் கேட்காமலே தன் ஜிபிஎஸ் இடம், உயரம், வேகம், பதிவு எண் எல்லாவற்றையும் விநாடிக்கு ஒரு முறையாவது சொல்லிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் பேட்டர்னில் சுற்றும் இன்னொரு செஸ்னாவை நினைத்துப் பாருங்கள். அதில் ரேடார் இல்லை, மோதல் தடுப்புக் கருவி இல்லை. ஒரு டேப்லெட்டும், டாஷ்போர்டில் ஒட்டிய சிறு ரிசீவரும்தான். அந்த ரிசீவர் உங்கள் டிரான்ஸ்பாண்டரிடம் எதையும் கேட்காது. தரை நிலையம் ரேடார் தகவலை மறு ஒலிபரப்பு செய்தால் ஒருவேளை தெரிவீர்கள். மலைக்குப் பின்னால், தாழ்வாக, ரேடாருக்கு எட்டாத இடத்தில் இருந்தால் அதுவும் இல்லை.

இன்னொன்று உங்களுக்கே நேரடியாக. உங்கள் டேப்லெட்டிலும் போக்குவரத்து பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தரை நிலையம் அந்த ரேடார் இலக்குகளைக் கண்டபடி அனுப்பாது. ஏடிஎஸ்-பி அவுட் போட்டிருக்கும் விமானத்தைச் சுற்றி 15 நாட்டிகல் மைல், மேலும் கீழும் 3,500 அடி, இந்த உருளைக்குள் இருப்பவற்றைத்தான் அந்த விமானத்துக்காக அனுப்பும். உங்கள் கருவியை அணைத்தால் உங்களுக்கான உருளை கிடையாது. அருகில் பறக்கும் வேறொருவருக்காக அனுப்பப்படும் படத்தின் ஓரம் மட்டும் உங்கள் திரையில் விழும். திரை காலியாக இருக்கிறது, வானமும் காலி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

2019 மே 13 அன்று அலாஸ்காவின் கெட்சிகன் அருகே, கப்பல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற இரண்டு மிதவை விமானங்கள் நடுவானில் மோதின. 6 பேர் இறந்தார்கள். இரண்டிலும் ஏடிஎஸ்-பி இருந்தது. பெரிய விமானத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி ஆஃப் நிலையில் இருந்தது. அதனால் அது தன் இடத்தைச் சொன்னது, உயரத்தைச் சொல்லவில்லை. சின்ன விமானத்தின் பைலட் வைத்திருந்த டேப்லெட் செயலி, உயரம் தெரியாத இலக்குக்கு எச்சரிக்கை தரவில்லை. விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் (என்டிஎஸ்பி) அறிக்கையில் இது விவரமாக இருக்கிறது. காக்பிட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு குமிழ் அது. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் பயணிகள் ஜெட்டும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தபோதும், ஹெலிகாப்டர் ஏடிஎஸ்-பி அவுட் ஒலிபரப்பவில்லை. அது மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. வேறு பல காரணங்கள் அந்த விபத்தில் இருக்கின்றன. ஆனால் "நான் மறைந்தால் யாருக்கு நஷ்டம்" என்று யாராவது கேட்டால், உங்களைப் பார்த்திருக்க வேண்டிய இன்னொரு பைலட்டுக்கும் அவர் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் என்றுதான் பதில்.

கையடக்கக் கருவி யோசனையையும் இங்கேயே முடித்துவிடலாம். பிரிட்டனில் சிறு விமானங்களுக்கு அப்படிப்பட்ட கருவிகளுக்கு அனுமதி உண்டு. உங்கள் நண்பர் பார்த்த காணொளி அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். அமெரிக்காவில் அது கருவியின் தரத்தைச் சொல்லும் 91.227 விதி கேட்பதற்கு ஈடாகாது, ஒலிபரப்ப அனுமதியும் இல்லை. ரிசீவர் மட்டும் என்றால் எந்தத் தடையும் இல்லை. தவிர, முறையாகப் பொருத்திய கருவி விமானத்தில் இருக்கும்போது அதை அணைத்துவிட்டு இன்னொன்றைப் போடுவது எந்த விதத்திலும் (எஃப்) பிரிவை நிறைவேற்றாது.

இன்ஸ்பெக்டருக்கு என்ன பதில்

நீங்கள் பறந்த நாட்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தெரியாமல் அணைத்த நாட்கள், தெரிந்து அணைத்த நாட்கள். சட்டம் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது.

தெரியாமல் செய்ததற்கு எஃப்ஏஏ இன்று பெரும்பாலும் கடுமை காட்டுவதில்லை. 2015 முதல் இருக்கும் அவர்களுடைய கொள்கைப்படி, வேண்டுமென்றே செய்யாத, அலட்சியமில்லாத தவறுக்கு ஆலோசனை, கூடுதல் பயிற்சி என்று முடித்துவிடுவதையே விரும்புகிறார்கள். நேவ் லைட்டோடு இணைந்த கருவியில் இந்தக் குழப்பம் வருவது அவர்களுக்கும் புதிதல்ல. நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டமும் உங்களுக்கு உதவலாம். மீறல் நடந்த 10 நாட்களுக்குள், அல்லது மீறல் என்று உங்களுக்குத் தெரிந்த, தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 10 நாட்களுக்குள் அறிக்கை அனுப்பியிருந்தால், மீறல் நிரூபணமானாலும் தண்டனையை நிறைவேற்றமாட்டார்கள். உங்கள் விஷயத்தில் அந்த நாள் எது என்பதுதான் கேள்வி. கருவி நேவ் லைட்டில் ஓடுகிறது என்று மெக்கானிக் சொன்ன அன்றே தெரிந்துவிட்டது என்று எஃப்ஏஏ வாதிடலாம். இன்ஸ்பெக்டரின் மின்னஞ்சல் வந்த நாள் என்று உங்கள் தரப்பு வாதிடலாம். தாமதிக்காமல் வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தெரிந்து செய்ததற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. திட்டமே "வேண்டுமென்றே செய்யாத" மீறலுக்குத்தான். இதைவிடக் கனமான விஷயம் ஒன்று. கண்டறியப்படாமல் தப்பிப்பதற்காக டிரான்ஸ்பாண்டரையோ ஏடிஎஸ்-பி-யையோ அணைத்துப் பறப்பதை, லைசென்ஸை ரத்து செய்யத் தக்க குற்றங்களில் ஒன்றாக எஃப்ஏஏ தன் அமலாக்க வழிகாட்டியில் வைத்திருக்கிறது. சில மாத நிறுத்திவைப்பு வேறு, ரத்து வேறு. ரத்தானால் பொதுவாக ஓராண்டுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பிறகு எழுத்துத் தேர்விலிருந்து எல்லாம் புதிதாக. உங்கள் தரப்பில் சொல்ல நல்ல வாதம் இருக்கிறது: டிரான்ஸ்பாண்டர் ஓடிக்கொண்டிருந்தது, டவருடன் பேசிக்கொண்டிருந்தீர்கள், எஃப்ஏஏ-யிடமிருந்து மறையவில்லை, துன்புறுத்திய ஒரு தனிமனிதரிடமிருந்து மறைந்தீர்கள். எனக்கு இது வலுவாகவே படுகிறது. ஆனால் இதைச் சொல்லும்போது வேண்டுமென்றே அணைத்ததை ஒப்புக்கொண்டதாகவும் ஆகிறது. எப்போது சொல்வது, எந்தச் சொற்களில் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்பதை ஒரு விமானச் சட்ட வழக்கறிஞர் உங்கள் ஆவணங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். நீங்களாக இரவு 11 மணிக்கு உட்கார்ந்து எழுதக்கூடிய பதில் அல்ல.

உங்களுக்கு உரிமைகள் உண்டு. 2012-இல் வந்த பைலட் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் லைசென்ஸ் சம்பந்தமாக விசாரணை என்றால் அதன் தன்மையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விசாரணைக் கடிதத்துக்குப் பதில் தந்தே ஆகவேண்டும் என்பதில்லை, தராததை வைத்து உங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கவும் முடியாது. தந்தால் அதைச் சாட்சியமாகப் பயன்படுத்தலாம். கட்டுப்பாட்டு மையத்தின் ஒலிப்பதிவு, ரேடார் தகவல் ஆகியவற்றை நீங்கள் கேட்டுப் பெறலாம். இறுதி உத்தரவு வந்தால் என்டிஎஸ்பி-யில் மேல்முறையீடு செய்யலாம். அதே சமயம் மௌனம்தான் எப்போதும் புத்திசாலித்தனம் என்றும் நினைக்காதீர்கள். ஒத்துழைக்கிறவர்களுக்குத்தான் எஃப்ஏஏ அந்தப் பயிற்சி வழியைத் திறந்துவிடுகிறது. இப்போதைக்கு மரியாதையாக, "மின்னஞ்சல் கிடைத்தது, வழக்கறிஞரைக் கலந்துகொண்டு பதில் அளிக்கிறேன்" என்று ஒரு வரி போதும். அதை யாரும் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

2024 சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தச் சட்டம் சொல்வது இதுதான்: ஏடிஎஸ்-பி தகவலை மட்டுமே அடிப்படையாக வைத்து எஃப்ஏஏ ஒருவர் மீது விசாரணை தொடங்கக்கூடாது. கிரிமினல் விசாரணைக்கு இது பொருந்தாது. "மட்டுமே" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரேடாரில் உங்கள் டிரான்ஸ்பாண்டர் தெரிந்தது, ஏடிஎஸ்-பி வரவில்லை, அல்லது டவரில் ஒருவர் கவனித்துச் சொன்னார், அல்லது அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே புகார் கொடுத்தார் என்றால் விசாரணைக்கு வேறு காரணம் கிடைத்துவிட்டது. வேறு காரணத்தால் தொடங்கிய விசாரணையில் ஏடிஎஸ்-பி தகவலைப் பயன்படுத்தத் தடையில்லை. எதனால் தொடங்கியது என்பதை உங்கள் வழக்கறிஞர் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் இதையே நம்பிக் காலத்தை ஓட்டாதீர்கள்.

முகவரியை மறைக்க நேரான வழிகள்

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு ஸ்விட்ச் மருந்தல்ல, அவ்வளவுதான். சட்டம் தரும் வழிகளில் எது உங்களுக்கு உதவும், எது உதவாது என்று பார்ப்போம்.

மிக முக்கியமானது பதிவேடு. அந்த ஆள் உங்கள் வீட்டைக் கண்டுபிடித்தது வானொலி அலையில் இல்லை. அலையில் போவது பதிவு எண். வீட்டு முகவரி கிடைத்தது எஃப்ஏஏ-யின் பொதுப் பதிவேட்டில். 2024 சட்டத்தின் இன்னொரு பிரிவுப்படி, 2025 மார்ச் முதல் விமான உரிமையாளர்கள் தங்கள் பெயர், முகவரி போன்ற விவரங்களைப் பொதுப் பார்வையிலிருந்து நீக்கும்படி எஃப்ஏஏ-யின் இணையப் பதிவு வசதியில் கோரலாம். நீங்களும் கூட்டாளியும் இன்றே கோருங்கள். ஏற்கெனவே எடுத்துவைத்தவரிடமிருந்து இது பறித்துவிடாது, அடுத்தவருக்குக் கிடைக்காமல் செய்யும்.

அடுத்து, காட்சிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் ஒன்று எஃப்ஏஏ-யிடம் இருக்கிறது. அதில் சேர்ந்தால், எஃப்ஏஏ-யிடமிருந்து தகவல் வாங்கும் இணையதளங்கள் உங்கள் விமானத்தைக் காட்டக்கூடாது. தன்னார்வலர்கள் வீட்டுக் கூரையில் ரிசீவர் வைத்து நடத்தும் தளங்களுக்கு இது பொருந்தாது, அவை காட்டும். ஒலிபரப்பில் விமானத்தை அடையாளம் காட்டும் 24-பிட் முகவரிக்கு மாற்றாக வேறொன்றைத் தரும் திட்டம் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக் கருவிகளுக்குத்தான். உங்களுடையது 978 மெகாஹெர்ட்ஸ் வகை. தவிர, அந்தத் திட்டத்தில் இருந்தும் எலான் மஸ்க்கின் ஜெட்டை ஒரு கல்லூரி மாணவர் விடாமல் பின்தொடர்ந்தது ஊரறிந்த கதை.

978 கருவிகளில் அநாமதேய முறை என்று ஒன்று உண்டு. உங்கள் கருவியின் கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்பாண்டரில் 1200 என்ற பொது எண்ணைப் போட்டு (ஸ்குவாக்), கட்டுப்பாட்டுச் சேவை எதுவும் பெறாமல் பறக்கும்போது, பதிவு எண்ணுக்குப் பதிலாகத் தற்காலிக முகவரி ஒன்றை அது ஒலிபரப்பும். இடமும் உயரமும் வழக்கம்போல் போகும், மற்ற பைலட்டுகளுக்கு நீங்கள் தெரிவீர்கள். பள்ளத்தாக்குப் பயணங்களுக்கு இது முற்றிலும் சட்டப்படியானது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், உங்கள் பிரச்சினைக்காரர் குடியிருப்பது பேட்டர்னுக்கு அடியில். அங்கே டவரோடு பேசிக்கொண்டு பறப்பீர்கள், எண்ணும் பக்கவாட்டில் 12 அங்குல எழுத்தில் இருக்கிறது. கேமரா போதும் அவருக்கு.

எல்எல்சி என்ற சிறு நிறுவனம் தொடங்கி விமானத்தை அதன் பெயரில் மாற்றிவிடலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர் தன் பெயரில் அமெரிக்கப் பதிவு பெறலாம். நிறுவனம் என்று வந்தால் அமெரிக்கக் குடிமக்களின் பங்கு பற்றித் தனி நிபந்தனைகள் வந்துவிடும். அவசரத்தில் செய்தால் விமானத்தின் பதிவே செல்லாமல் போகலாம், காப்பீடும் கூடவே ஆடும். விமானப் பதிவு தெரிந்த வழக்கறிஞர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

அந்த மனிதர் விமானத்தைத் திரையில் பார்ப்பதைத் தடுக்க முடியாது. குறியாக்கம் இல்லாத பொது ஒலிபரப்பு அது. அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதுவதும், வீட்டைப் படமெடுத்துப் போடுவதும் வேறு. கலிபோர்னியாவில் தொடர் துன்புறுத்தலுக்கு சிவில் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கோரலாம். மின்னஞ்சல்கள், பதிவுகள் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். மனிதவள அதிகாரியிடம் நீங்களே போய் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. இன்னொரு பக்கமும் பாருங்கள். பேட்டர்னுக்கு அடியில் வாழ்வது எளிதல்ல. உங்கள் விமான நிலையத்தில் இரைச்சல் குறைப்பு நடைமுறை இருக்கும், அதன்படி பறக்கிறீர்களா என்று சரிபாருங்கள். நிலைய மேலாளர் வழியாக ஒரு பேச்சுவார்த்தைக்கும் முயலலாம். நீங்கள் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டாம்.

அடுத்த முறை பறக்கும் முன்

இந்த வகைக் கருவியில், பகலோ இரவோ நேவ் லைட் ஸ்விட்ச் மேலேதான் இருக்க வேண்டும். பழைய செஸ்னாவில் பீக்கன், லேண்டிங், நேவ் என்று ஒரே மாதிரி ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும், விரல் தன் பழக்கத்துக்குப் போகும். அதனால்தான் பொருத்துகிறவர்கள் அந்த ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு அறிவிப்புப் பட்டை ஒட்டச் சொல்வார்கள். உங்கள் விமானத்தில் அது இருந்து உதிர்ந்துவிட்டதா, பெயின்ட் அடித்தபோது போய்விட்டதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். லாக்புக்கில் பொருத்திய பதிவையும் எடுத்துப் பாருங்கள். பட்டையே இல்லாமல் விமானம் உங்களுக்கு விற்கப்பட்டிருந்தால், தெரியாமல் அணைத்த நாட்களுக்கு அது உங்கள் பக்கம் பேசும் ஆதாரம். இப்போது புதிதாக ஒட்டும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செக்லிஸ்ட்டிலும் டாக்ஸி செய்யும் முன் ஒரு வரி சேருங்கள். தரையில் ஓடும்போதும் ஒலிபரப்ப வேண்டும் என்பதால் ரன்வேக்குப் போன பிறகு போடுவது தாமதம்.

அப்படி ஒரு முறை முறையாகப் பறந்துவிட்டு வந்து, எஃப்ஏஏ-யின் இணையதளத்தில் ஏடிஎஸ்-பி செயல்திறன் அறிக்கை கேளுங்கள். இலவசம், மின்னஞ்சலில் வரும். கைமாறிய விமானங்களில் 24-பிட் முகவரியோ பதிவு எண்ணோ பழையபடி இருந்துவிடுவது சகஜம். உயரம் சரியாகப் போகிறதா என்பதையும் அதில் பாருங்கள். அநாமதேய முறையில் பறந்தால் இந்த அறிக்கை கிடைக்காது, அன்று அதை அணைத்து வையுங்கள். சுத்தமான அறிக்கை ஒன்று கையில் இருப்பது இன்ஸ்பெக்டரிடம் பேசும்போது உங்கள் வழக்கறிஞருக்கு உதவும்.

கடைசியாக உங்கள் கூட்டாளி. பட்டியலிலுள்ள தேதிகளில் ஒன்று அவர் பறந்தது. விதி பேசுவது விமானத்தை இயக்குகிறவரைப் பற்றி, அவருக்கென்று தனி லைசென்ஸ், தனி நிலைமை. அவரும் வேண்டுமென்றே அணைத்தாரா, மறந்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது. அவருக்காக நீங்கள் பதில் சொல்லவும் கூடாது, "அன்று பறந்தது நான் இல்லை" என்று அவர் பக்கம் தள்ளிவிடவும் கூடாது. இன்ஸ்பெக்டருக்கு ஒரு வரி எழுதும் முன் அவரிடம் கடிதத்தைக் காட்டிவிடுங்கள், அவரும் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். இருவரின் நலனும் ஒன்றாக இருக்காது, அதனால் ஒரே வழக்கறிஞர் வேண்டாம். இந்த விஷயத்தைப் பற்றி உங்கள் இருவருக்குள் வாட்ஸ்ஆப்பில் பேசிக்கொண்டிருக்கவும் வேண்டாம். பேசியிருந்தால் எதையும் அழிக்காதீர்கள்.